வெண்பூசணியில் ஆண் பூ மட்டும்தான் வருகிறது, பீர்க்கு பிஞ்சிலேயே உதிர்கிறது: என்ன செய்வது?

ஸ்ரீரங்கம்_மாடி:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது தளத்துக்கு மேலே மொட்டைமாடி, அங்கேதான் தோட்டம். கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. இந்த ஆடிப்பட்டத்தில்தான் கொடிகளில் இறங்கினேன். வெண்பூசணி, புடலை, பீர்க்கு, சுரை, பாகல். பீர்க்கும் புடலையும் விதைத் திருவிழாவில் வாங்கிய நாட்டு ரகம். சுரை, பாகல் இரண்டும் நண்பர் கொடுத்தது. வெண்பூசணி மட்டும், மோர்க்குழம்புக்கு வாங்கிய கடைக்காயிலிருந்து எடுத்து நிழலில் காயவைத்த விதை.

சுரை நாலைந்து நாளில் முளைத்துவிட்டது. பாகல் ரொம்பவே தாமதம். எப்படியோ எல்லாம் வந்து, இப்போது ஆவணி கடைசியில் நிலவரம் இதுதான்.

வெண்பூசணிக் கொடி கைப்பிடிச் சுவரோரமாக ஓடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவிட்டது. தினமும் பெரிய மஞ்சள் பூ. அத்தனையும் ஆண் பூ. பீர்க்கில் பிஞ்சு விடுகிறது, விரல் நீளம் வந்ததும் நுனியிலிருந்து மஞ்சளாகி உதிர்கிறது. புடலை ஒரு முழம் வளர்கிறது, அப்புறம் ஒரு பக்கமாக வளைந்து நடுவில் அழுகுகிறது. சுரை இப்போதுதான் மொட்டு. கீழ்வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, பாகல் பக்கத்தில் வைத்தால் சுரை கசந்துவிடும், ஒன்றைப் பிடுங்கு என்கிறார்.

எல்லாம் வளர்ப்புப் பைகளில்தான். மண் கலவை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. வாரம் ஒரு முறை மீன் அமிலம், இன்னொரு நாள் கடலைப் புண்ணாக்குக் கரைசல். உரக்கடையில் கேட்டதற்கு, நுண்ணூட்டம் பத்தவில்லை என்று ஒரு பாட்டிலும், இலையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்றதற்குக் கந்தகத் தூளும் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டையும் பிரிக்கவில்லை. போடலாமா?

மடிப்பாக்கம்_பந்தல்:

பாஸ், த்ரீ ஜி கட்டிங் செய்யுங்கள். தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். அதன் நுனியையும் கிள்ளினால் மூன்றாவது தலைமுறைக் கிளை. அதில் இலைக்கு ஒரு பெண் பூ வரும். யூடியூபில் நிறைய வீடியோ இருக்கிறது. நான் சுரைக்குச் செய்தேன், நல்ல பலன்.

பாபநாசம்_கொல்லை:

தம்பி, பாட்டில் அப்படியே இருக்கட்டும். கந்தகத் தூளை இந்தக் கொடிகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூசணிக் குடும்பத்து இலைகளுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது, கருகிவிடும். வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே இந்தக் காய்களுக்குப் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். கடைக்காரர் தக்காளியை நினைத்துக்கொண்டு கொடுத்திருப்பார்.

முதலில் ஒரு வேலை. உதிர்ந்த பீர்க்கம்பிஞ்சு ஒன்று, அழுகின புடலை ஒன்று எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் பழ ஈ. புழு இல்லாமல் வெறும் பஞ்சாக, விதை கட்டாமல் இருந்தால் மகரந்தம் சேரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மஞ்சளாகித்தான் விழும், ஆனால் வைத்தியம் வேறு. பிளந்து பார்க்காமல் மாதக்கணக்கில் உரத்தை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்தது, நீங்கள் எத்தனை மணிக்கு மாடி ஏறுகிறீர்கள்? அதை எழுதவில்லை. ஆபீஸ் போகிற ஆளாக இருந்தால் காலை ஏழரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கிவிடுவீர்கள். அந்த நேரத்துக்குப் பீர்க்கும் சுரையும் புடலையும் கடையைச் சாத்தியிருக்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். பீர்க்கம்பூ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் விரியும். மழை மூட்டமான நாளில் எங்கள் அம்மா கடிகாரம் பார்க்க மாட்டார், கொல்லையில் பீர்க்கம்பூ விரிந்ததைப் பார்த்துத்தான் விளக்கேற்றுவார். (தமிழ் வாத்தியாரம்மா ஆதலால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கப் பாட்டில் பசலை படர்ந்த நெற்றிக்குச் சொல்வது இந்தப் பூவின் நிறத்தைத்தான்.) சுரையும் புடலையும் வெள்ளைப் பூ. சூரியன் இறங்கின பிறகு விரிந்து, இரவில் அந்துப்பூச்சி வந்து போக, விடிந்தால் வாடிவிடும். பாகலும் வெண்பூசணியும் இதற்கு நேர்மாறு, விடியற்காலைக்காரர்கள். வெண்பூசணி நாலரை மணி வாக்கில் விரிய ஆரம்பிக்கும். ஏழு, ஏழரைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் மகரந்தம் போய்விடும். மெழுகுபீர்க்கு வைத்திருந்தால் அதுவும் காலையில்தான், பீர்க்குக்கு அவ்வளவு நெருங்கின உறவாக இருந்தும்.

உங்கள் உயரத்துக்குத் தேனீ வருவது குறைவு. அதனால் கையால்தான் சேர்க்க வேண்டும். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. அன்றைக்கு விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். ஒரு ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தேய்க்கலாம். நேற்றைய பூ உதவாது.

இனி வெண்பூசணி. இதில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான், அது குறையில்லை. பெண் பூ பின்னால் வரும். அதன் அடியில் இருக்கும் பிஞ்சு முழுக்கப் பூனைமுடி போர்த்தியிருக்கும், பார்த்தால் தப்பாது. ஆனால் உங்கள் கொடி தொட்டியைச் சுற்றுகிறது என்கிறீர்களே, அது அளவுக்கு மிஞ்சின தழைச்சத்து. மீன் அமிலமும் கடலைப் புண்ணாக்கும் இரண்டுமே தழைச்சத்துதான். கீரைக்குச் சரி. காய்க்க வேண்டிய கொடிக்கு இப்படி ஊற்றினால் இலையும் ஆண் பூவுமாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் நிறுத்துங்கள். விறகுச் சாம்பல் கிடைத்தால் பைக்கு ஒரு பிடி மண்ணில் கிளறி விடுங்கள்.

பெண் பூ அதிகமாக வர விவசாயிகள் எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளிப்பார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., விதைத்த 15ஆம் நாள் வாக்கில் தொடங்கி வாரம் ஒருமுறை, மொத்தம் 4 முறை. உங்கள் கொடி அந்தப் பருவத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பைக்காக அதைத் தேடி அலைவதும் வீண்.

மடிப்பாக்கம் சொன்ன கிள்ளுதல் சுரைக்குச் சரி, அதில் பக்கக்கிளையில்தான் பெண் பூ கூடுதல். இப்போதுதான் மொட்டு என்கிறீர்கள், தாராளமாகக் கிள்ளலாம். இலைக்கு ஒரு பெண் பூ என்பதெல்லாம் வீடியோவில்தான். புடலையையும் பீர்க்கையும் விட்டுவிடுங்கள்.

மாமிக்குப் பதில்: சுரையும் பாகலும் வேறு வேறு இனம், ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் ஒட்டவே ஒட்டாது. பக்கத்தில் என்ன, ஒரே பந்தலில் பின்னிக்கொண்டு படர்ந்தாலும் சுரை கசக்காது. சுரை கசப்பதற்குக் காரணம் அதன் விதையிலேயே இருக்கும். வேலியோரம் முளைத்த பேய்ச்சுரையின் மகரந்தம் எப்போதோ கலந்து, அந்த விதை கைக்கு வந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் வாடினாலும் கசப்பு ஏறும். நண்பர் கொடுத்த விதை என்பதால் சொல்கிறேன், ஒவ்வொரு காயிலும் சமைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசப்புச் சுரைச் சாற்றைக் குடித்து உயிரை விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. பாகல் கசப்பு வேறு, சுரைக் கசப்பு வேறு.

வெண்பூசணியைக் கொடி இழுக்கிறது என்று பந்தலில் ஏற்றிவிடாதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் என்றால் 3 கிலோவுக்குள் நிற்கும். கோ 1 ரகம் 5, 6 கிலோ வரும். உங்களுடையது கடைக்காயின் விதை, எந்த ஊர் ரகமோ. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மாடித் தரையில் தென்னை ஓலையைக் கனமாக விரித்து அதன்மேல் ஓடவிடுங்கள், சிமெண்டுச் சூடு காயைத் தொடக் கூடாது. கைப்பிடிச் சுவரில் தொங்கினால் பழைய புடவையில் தூளி கட்டுங்கள். பை வளர்ப்பில் கொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு காய் விடலாம்.

கடைக்காய் விதையைப் பற்றிச் சிலர் சந்தேகப்படுவார்கள். வெண்பூசணியில் அந்தச் சந்தேகம் வேண்டாம், சாம்பல் பூத்த காய் என்றாலே விதை முற்றியிருக்கும். ஆயுத பூசைக்குத் தெருவில் உடைத்துப் போடுகிறார்களே (டூ வீலர்காரர்கள் வழுக்கி விழுவதற்கென்றே), அடுத்த மழையில் சாக்கடையோரம் பாருங்கள், நட்டு வளர்த்த மாதிரி முளைத்திருக்கும். புடலை, பீர்க்கு, பாகலைக் கடைக்காயிலிருந்து எடுக்க முடியாது, அவை பிஞ்சில் பறிப்பவை. பாகல் தாமதமாக முளைத்ததற்குக் காரணம் அதன் தோல். அடுத்த முறை விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து அடுப்படியில் வையுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் நேராகப் பையில் ஊன்றிவிடுங்கள். இந்தக் கொடிகளுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. நாற்றாக விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் காகிதக் கப்பில் போட்டுக் கப்போடு நடுங்கள்.

பிளந்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கம்_மாடி:

ரொம்ப நன்றி அம்மா. பிளந்து பார்த்தேன். பீர்க்கில் புழு இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி வெறும் பஞ்சு. புடலையில் வெள்ளைப் புழு நிறைய, தட்டில் போட்டதும் துள்ளிக் குதிக்கிறது! மனைவி இனி அந்தத் தட்டைச் சமையலறைக்குள் விட மாட்டேன் என்கிறாள்.

நேற்று ஆறரை மணிக்கு மாடிக்குப் போனேன். பீர்க்கு முழுக்கப் பூ. காலையில் மட்டும் பார்த்துவிட்டு, இந்தக் கொடியில் பூவே சரியாக வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண் பூ இருந்தது, தேய்த்துவிட்டேன். புடலைக்கு என்ன செய்ய? கடையில் பழ ஈப் பொறி இருக்கிறது என்றார்கள்.

ஸ்காபரோ_வளவு:

கொல்லை அக்கா எழுதியது எங்களுக்கும் நல்லாப் பொருந்துகிறது. நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோவில் ஸ்காபரோ. இங்கே எங்கள் சனம் வீட்டுக்குப் பின்னால் புடோலும் பாகலும் போடாத வளவு குறைவு. நீத்துப்பூசணி (நீங்கள் சொல்கிற வெண்பூசணி) போடுகிற ஆட்கள் கொஞ்சம்தான், ஏனென்றால் அதுக்கு நாள் காணாது.

நான் ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் விதை போடுவேன். குளிரில் விதை முளைக்காமல் அழுகிவிடும். அதனால் ஈரத் துவாயில் சுற்றிப் பிரிட்ஜின் மேல், சூடு வருகிற இடத்தில் வைப்பேன். பிறகு கப்பில் மாற்றி யன்னலோரம். வெளியே நடுவது விக்டோரியா டே கழிந்துதான், அதிலும் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு. அவசரப்பட்டு மே தொடக்கத்தில் வைத்தவர்களின் கன்று அப்படியே நின்று மஞ்சளாகிவிடும்.

ஆண் பூ விஷயத்தில் தம்பி கவலைப்படத் தேவையில்லை. இங்கே ஜூனில் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கும் மேலே. நீண்ட பகலும் வெயிலும் ஆண் பூவைத்தான் கூட்டும். பகல் குறையத் தொடங்கி, ஓகஸ்டில்தான் எனக்குப் பெண் பூ கனக்க வரும். ஒக்டோபரில் உறைபனி. இடையில் இருக்கிற நாளுக்குள் காய் முற்ற வேணும். முற்றாததைப் பிஞ்சாகவே வெட்டிக் கறி வைப்போம். இங்கே சீனக் கடைகளில் முடி மூடின சின்னக் காய் விற்பார்கள். அதுவும் நீத்துப்பூசணி இனம்தான், பிஞ்சில் சாப்பிடுவதற்கென்றே தெரிந்தெடுத்த வகை. சீன ஆட்கள் முற்றின பெரிய காயைக் குடைந்து, அதுக்குள்ளேயே சூப் ஊற்றி அவிப்பார்கள். அந்தச் சின்ன வகையின் விதைப் பக்கற்றை வாங்கிப் போட்டால் எங்கள் கோடைக்குள் நிச்சயமாகக் காய்க்கும்.

அக்காவிடம் ஒரு கேள்வி. இந்த முறை பெரிய காய் ஒன்று நிற்கிறது. முடி உதிரத் தொடங்கிவிட்டது, சாம்பல் இன்னும் பிடிக்கவில்லை. பனி விழ முதல் வெட்டினால் விதை எடுக்கலாமோ?

பாபநாசம்_கொல்லை:

புடலைப் புழு துள்ளியது என்றால் பழ ஈயேதான். கடையில் பொறி கேட்டால் பெரும்பாலும் மாமரத்துக்கு வைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். அது மெத்தில் யூஜினால், மாம்பழ ஈக்கு. நம் கொடிக்கு வருகிற ஈ அந்த வாசனைக்கு வராது. 'கியூ லூர்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதிலும் ஆண் ஈதான் விழும், அதனால் பொறியை மட்டும் நம்ப முடியாது. கருவாட்டுப் பொடி வைத்தால் பெண் ஈயும் வரும், வயலில் அதைத்தான் வைப்போம். ஸ்ரீரங்கத்து அடுக்குமாடியில் கருவாட்டைத் தொங்கவிடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மீன் அமிலத்துக்கே இதுவரை யாரும் சண்டைக்கு வராதது அதிசயம்.

உங்களுக்கு நல்ல வழி உறை போடுவது. சாயங்காலம் கையால் மகரந்தம் சேர்த்து, பூ வாடினதும் பிஞ்சுக்கு நீளமான பாலித்தீன் உறை. வியர்க்காமல் இருக்கப் பக்கவாட்டில் ஊசித் துளைகள், அடி திறந்திருக்கட்டும். ஈ முட்டையிடுவது இளம் பிஞ்சில்தான், தோல் கெட்டியாகும்வரை காப்பாற்றினால் போதும். நுனியில் நூலால் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். அழுகினதைப் பைக்குள்ளேயே புதைக்காதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டித் திரும்ப ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டு, அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள். மேல்மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிடுவதும் நல்லது.

இலையில் வெள்ளையாக இருப்பது மாவு மாதிரி கையில் ஒட்டினால் சாம்பல் நோய். அடி இலைகள்தானே? கிள்ளி எறியுங்கள், காற்றோட்டம் வந்தால் பாதி அடங்கிவிடும். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் விடுங்கள்.

ஸ்காபரோ தங்கச்சி, பனி விழும்வரை காத்திருக்காதே. கடைசி நாள்வரை கொடியில் விட்டுவிட்டு, உறைபனி அறிவிப்பு வந்ததும் நாலு விரல் காம்போடு வெட்டி வீட்டுக்குள் கொண்டுபோ. காம்பு ஒடிந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் இறங்கும். தரையில் வெறுமனே வைக்காமல் வைக்கோலோ மடித்த துணியோ போட்டு வை. சில வாரம் அப்படியே இருந்தால் உள்ளே விதை இன்னும் கொஞ்சம் முற்றும். சாம்பல் பிடிக்காத காய் எங்கள் பரண் காய் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது, தினமும் அமுக்கிப் பார்த்துக்கொள். அறுத்ததும் விதையைத் தண்ணீரில் போடு. மிதப்பது உள்ளீடில்லாத சாவி, அடியில் தங்குவதை எடுத்து நிழலில் காயவைத்துக்கொள். சதையில் காசி அல்வா கிளறலாம், இல்லாவிட்டால் வடகம்.

தம்பி, இன்னொன்று. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கையால் சேர்த்ததும் நனைந்து வீணாகும். தேய்த்து முடித்த பெண் பூவின்மேல் காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து, காம்போடு சேர்த்து நூல் கட்டிவிடுங்கள். மறுநாள் எடுத்துவிடலாம்.